எண்டோசல்பான்

எண்டோசல்பான் என்பது கரிமக் குளோரின் வகைப் பூச்சிக்கொல்லி. ஆல்பா, பீட்டா ஆகிய இரு மாற்றியங்களின் கலவை. மண்ணில் சிதைந்து உருவாகும் எண்டோசல்பான் சல்பேட் தாய்ப்பொருளை விட நெடுநாள் தங்கும், நச்சும் குறையாது. கொழுப்புத் திசுக்களில் சேரக்கூடியது. மீன்களுக்கு மிகக் கொடியது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவே பல இனங்களைக் கொல்லும்.

கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசு என்னும் பூச்சிக்கு எதிராக 2000 வரை சுமார் இருபது ஆண்டுகள் ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. மூடப்படாத கிணறுகளிலும் ஓடைகளிலும் மருந்து விழுந்தது. அதன் பாதிப்பை அங்குள்ள குழந்தைகள் இன்றும் சுமக்கிறார்கள்.

கேரளம் 2005-இல் தடை விதித்த பின்னும் தமிழ்நாட்டில் விற்பனை தொடர்ந்ததால், எல்லை கடந்து பாலக்காட்டின் முதலமடை மாந்தோப்புகளுக்கும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கும் மருந்து வந்தது. முதலமடையில் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்காகத் தெளிப்பது வழக்கமாக இருந்தது. அப்பகுதி நீர் காயத்ரிப்புழை வழியே பாரதப்புழையில் சேர்கிறது. ஏலச்செடி தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் பூக்கும். ஊதா வரியோடிய அந்த வெள்ளைப் பூவைக் காயாக்குபவை தேனீக்களே. பூச்சிமருந்து அவற்றையும் கொல்வது விளைச்சலுக்கே கேடு.

2011 ஏப்ரலில் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை எண்டோசல்பானை ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தது. மே 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோருக்கு மூன்று மாதத்தில் தலா ரூ. 5 லட்சம் வழங்கக் கேரள அரசுக்கு ஆணையிட்டது.