வானலைக் கட்டுப்பாட்டுச் சரக்குந்தின் திசைமாற்றி, முடுக்கிக் கோளாறுகள்

வானலைக் கட்டுப்பாட்டுச் சரக்குந்து என்பது, கையில் வைத்திருக்கும் அலைபரப்பி ஒன்றிலிருந்து வரும் வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி ஊர்தி ஆகும். பேச்சு வழக்கில் இது ஆர்.சி. டிரக் எனப்படுகிறது. ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட இத்தகைய ஊர்திகளை வாங்குவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல்கள் இரண்டு. ஒன்று, ஸ்டீயரிங் எனப்படும் திசைமாற்றி சரிவரத் திரும்பாமை. மற்றொன்று, முடுக்கியை அழுத்தும்போது ஊர்தி சரிவர ஓடாமை. இவ்விரு பகுதிகளும் ஒரே மின்கலத்தையும் ஒரே அலைவாங்கியையும் பகிர்ந்துகொள்கின்றன. எனவே ஒன்று மட்டும் பழுதா, இரண்டும் சேர்ந்து பழுதா என்று முதலில் பிரித்தறிவதே பழுதுநீக்கத்தின் அடிப்படை ஆகும். இக்கட்டுரை விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் புழுதி, உப்புக்காற்று ஆகியவற்றையும் கருத்திற்கொண்டு இக்கோளாறுகளை விளக்குகிறது.

வரலாறு

வானொலி அலையால் இயங்கும் மாதிரிப் படகு ஒன்றை நிக்கோலா தெஸ்லா 1898ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் இயக்கிக் காட்டினார். யப்பானின் தாமியா நிறுவனம் தனது முதல் வானலைக் கட்டுப்பாட்டு மகிழுந்தை 1976இல் வெளியிட்டது. பழைய ஊர்திகள் பல 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின. ஒரே அலைவரிசையில் இரு ஊர்திகள் அருகருகே ஓடினால் ஒன்றின் ஆணை மற்றதைக் குழப்பும். பின்னர் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் இக்குழப்பம் பெரிதும் நீங்கியது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும், 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையிலும் குறைதிறன் கருவிகளைப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டு விதிகள் உரிமத்திலிருந்து விலக்களித்தன.

அமைப்பு

அலைவாங்கியின் முதல் தடத்தில் திசைமாற்றிச் சர்வோவும், இரண்டாம் தடத்தில் மின்வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இணைக்கப்படுவது பொது வழக்கம். சர்வோ என்பது சிறு மின்னோடி, பற்சக்கரங்கள், நிலையை உணரும் மாறுமின்தடை, கட்டுப்பாட்டுச் சுற்று ஆகியவற்றைக் கொண்ட பெட்டி ஆகும். அலைவாங்கி நொடிக்குச் சுமார் 50 துடிப்புகளை இதற்கு அனுப்புகிறது. துடிப்பின் அகலம் 1.5 மில்லி நொடியாக இருந்தால் சர்வோ நடுவில் நிற்கும். 1 மில்லி நொடியில் ஒரு கோடிக்கும், 2 மில்லி நொடியில் மறு கோடிக்கும் திரும்பும். மின்வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இதே துடிப்பைப் பெற்று மின்னோடியின் வேகத்தை மாற்றுகிறது. அலைவாங்கிக்கும் சர்வோவுக்கும் தேவையான 5 அல்லது 6 வோல்ட் மின்சாரமும் பெரும்பாலும் இக்கருவியிலிருந்தே வருகிறது.

விலை குறைந்த பொம்மை ஊர்திகளில் இவையனைத்தும் ஒரே சுற்றுப்பலகையில் அமைந்திருக்கும். அவற்றில் பகுதிகளைத் தனித்தனியே மாற்ற இயலாது.

இடமாற்றச் சோதனை

சக்கரங்கள் தரையைத் தொடாதவாறு ஊர்தியை ஒரு கட்டையின் மேல் ஏற்றி வைக்க வேண்டும். அலைபரப்பியின் சீர்படுத்திகளை நடுவில் வைத்து, மின்கலத்திற்கு முழு மின்னேற்றம் செய்தபின் சோதனையைத் தொடங்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அலைவாங்கியில் சர்வோவின் செருகியையும் மின்வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் செருகியையும் இடம் மாற்ற வேண்டும். இப்போது முடுக்கி திசையையும், திசைமாற்றி வேகத்தையும் கட்டுப்படுத்தும்.

1. முன்பு இயங்காத பகுதி இப்போதும் இயங்காவிடில், அப்பகுதியே பழுது.
2. அப்பகுதி இயங்கி, முன்பு நன்றாக இருந்தது இயங்காவிடில், அலைவாங்கியின் தடத்திலோ அலைபரப்பியிலோ பழுது உள்ளது.
3. இரண்டும் இயங்காவிடில், மின்வழங்கலையும் வானலை இணைப்பையும் ஆராய வேண்டும்.

புதிய உதிரிகளை வாங்குமுன் இச்சோதனையைச் செய்தால் வீண்செலவு குறையும்.

திசைமாற்றிக் கோளாறுகள்

சர்வோ முனகியும் சக்கரம் திரும்பாவிடில், இணைப்புத் தண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தனியே சர்வோ நன்கு திரும்பினால், இறுக்கம் சக்கரப் பகுதியில் உள்ளது. தனியாகவும் திரும்பாவிடில், உள்ளே பற்சக்கரம் உடைந்திருக்கலாம். சர்வோ திரும்பியும் சக்கரம் திரும்பாவிடில், சர்வோக் கையின் உட்பற்கள் தேய்ந்திருக்கும். அல்லது மோதலின்போது பற்சக்கரங்களைக் காக்கும் வில்லமைப்பு தளர்ந்திருக்கும். நடுநிலையில் நடுக்கம் இருந்தால் மாறுமின்தடை தேய்ந்திருக்கக்கூடும்.

ஊர்தி ஒருபுறம் இழுத்தால் சீர்படுத்தியைத் திருகிச் சரிசெய்வது பலரது வழக்கம். சற்றே இழுத்தால் இது போதும். மிகுதியாக இழுக்கும்போது இது உண்மையான பழுதை மறைப்பதோடு, ஒருபக்கத் திருப்பத்தையும் குறைத்துவிடும். சீர்படுத்தியை நடுவில் வைத்து, சர்வோ நடுநிலைக்கு வந்தபின் சர்வோக் கையைக் கழற்றிச் செங்குத்தாகப் பொருத்துவதே முறை. அச்சின் பற்கள் 23, 24, 25 என நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடுவதால், எண்ணிப் பார்த்தே மாற்றுக் கையை வாங்க வேண்டும்.

முடுக்கிக் கோளாறுகள்

முடுக்கியை விட்டபின்னும் ஊர்தி ஊர்ந்தால், நடுநிலை மாறியுள்ளது என்பது பொருள். மின்வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு நடுநிலை, முழு முன்வேகம், முழுப் பின்வேகம் ஆகிய மூன்றையும் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். இதன் படிகள் நிறுவனத்தைப் பொறுத்து மாறும்.

ஊர்தி சிறிது ஓடி நின்றுவிட்டால், முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற மின்கல அமைப்பைப் பார்க்க வேண்டும். லித்தியம் பாலிமருக்கான அமைப்பில் நிக்கல் மின்கலத்தைப் பொருத்தினால், மின்னழுத்தம் குறைந்துவிட்டதாகக் கருதிக் கருவி முன்னதாகவே மின்னோட்டத்தை நிறுத்தக்கூடும். இதற்கு மாறானது ஆபத்தானது. நிக்கலுக்கான அமைப்பில் லித்தியம் மின்கலம் அளவுகடந்து வடிந்து கெடும். அதனை மீண்டும் மின்னேற்றும்போது தீப்பற்றவும் கூடும். உப்பிய மின்கலத்தைப் பயன்படுத்தக் கூடாது.

தூரிகையுள்ள மின்னோடியில் தூரிகைத் தேய்வால் வேகம் குறையும். தூரிகையற்ற மின்னோடியில் மூன்று கம்பிகளுள் ஒன்று தளர்ந்தாலும் மின்னோடி சுழலாமல் உதறும்.

இரண்டும் சேர்ந்து பழுதாதல்

சக்கரத்தை முழுவதும் திருப்பும்போது ஊர்தி நின்று மீண்டும் உயிர்பெற்றால், சர்வோ மிகுதியான மின்னோட்டத்தை இழுப்பதால் அலைவாங்கியின் மின்னழுத்தம் விழுகிறது எனக் கொள்ளலாம். ஆற்றல் மிக்க சர்வோவைப் புதிதாகப் பொருத்திய ஊர்திகளில் இது நிகழும். தொலைவு செல்லச் செல்லக் கட்டுப்பாடு தவறினால் அலைவாங்கியின் வானலைக் கம்பியைப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியின் நுனியில் உறையற்ற 3 செ.மீ. பகுதி அறுந்திருக்கக் கூடாது.

விழுப்புரம், திண்டிவனம் சூழல்

இப்பகுதிச் செம்மண் தரையின் நுண்புழுதி, சர்வோவின் அச்சுவழியிலும் சக்கரத் தாங்கிகளிலும் புகுந்து இறுக்கத்தை உண்டாக்கும். திண்டிவனத்திற்குக் கிழக்கேயுள்ள மரக்காணம் உப்பளங்களை ஒட்டியும், கடற்கரையிலும் ஓட்டினால் உப்பு படிந்து செருகிகளின் செம்பு பச்சை நிறமாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது விரைவுபடும். ஓட்டியபின் மென்தூரிகையால் தூசைத் தட்டி, செருகிகளை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்து உலர்த்த வேண்டும். பெட்ரோலால் துடைத்தால் நெகிழிப் பகுதிகள் கெடக்கூடும். சர்வோ, செருகி போன்றவை சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் கிடைக்கின்றன. தாங்கிகளை உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய அளவுகளைக் கூறி வாங்கலாம்.

பாதுகாப்பு

இயக்கும்போது முதலில் அலைபரப்பியையும் பின்னர் ஊர்தியையும் முடுக்க வேண்டும். நிறுத்தும்போது ஊர்தியை முதலில் நிறுத்த வேண்டும். பழுதுநீக்கிய பின், சக்கரங்களைத் தூக்கி வைத்து ஓடவிட்டு, அலைபரப்பியை அணைத்துப் பார்க்க வேண்டும். சக்கரங்கள் உடனே நிற்காவிடில், காப்பு நிலை பதிவு செய்யப்படவில்லை என்பது பொருள். அத்தகைய ஊர்தியைச் சாலையோரத்திலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ ஓட்டக் கூடாது.

இவற்றையும் பார்க்க

மின்னோடி
துடிப்பு அகலப் பண்பேற்றம்
லித்தியம் பாலிமர் மின்கலம்