மரக்கட்டையிலிருந்து லாகின் வரை

“பேங்க் ஆப் லாகின் ஆக மாட்டேங்குது.” “மெயில் பார்த்துட்டு லாக் அவுட் பண்ணினியா?” “நாளைக்கு எட்டரைக்கு லாகின், சீக்கிரம் தூங்கணும்.” ஆங்கிலமே பேசாதவர் வாயிலும் இன்று புழங்கும் சொல் இது. உள்ளே போவது என்று பொருள் கொண்டு, அதற்குமேல் யோசிக்காமல் கடந்துவிடுகிறோம்.

யோசிப்பவர்களும் பெரும்பாலும் பூட்டில் போய் நிற்கிறார்கள். தமிழில் எழுதினால் பூட்டும் ‘லாக்’, இதுவும் ‘லாக்’. ஆலைக் கதவடைப்பும் லாக் அவுட், மின்னஞ்சலை விட்டு வெளியேறுவதும் லாக் அவுட். கடவுச்சொல் வேறு சாவியை நினைவூட்டுகிறது. ஆனால் இவை இரண்டும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள். லாகினில் இருக்கும் லாக், வெட்டிப் போட்ட மரக்கட்டை.

அந்தக் கட்டை கிடந்த இடம் கப்பல். கரை கண்ணில் படாத நடுக்கடலில் கப்பல் என்ன வேகத்தில் போகிறது என்று அறிய, கயிற்றில் கட்டிய மரத்துண்டைப் பின்புறமாகக் கடலில் எறிந்தார்கள். கட்டை ஏறக்குறைய எறிந்த இடத்திலேயே நிற்கும். கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருளையிலிருந்து ஓடும். குறித்த நேரத்துக்குள் எவ்வளவு கயிறு ஓடியதோ அதுதான் வேகத்தின் அளவு. வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574-இல் வெளியிட்ட கடலோடிக் கையேட்டிலேயே இந்த முறையை விளக்கியிருக்கிறார்.

பிற்காலத்தில் கட்டை கால்வட்டப் பலகையானது. நீரில் நிமிர்ந்து நிற்க அதன் வளைந்த விளிம்பில் ஈயம் வைத்தார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் போட்டார்கள். ஒருவர் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடிக்க, இன்னொருவர் கைவழியே ஓடும் முடிச்சுகளை எண்ணுவார். கடிகாரம் 28 விநாடி என்றால் முடிச்சுகளுக்கு இடையே 47 அடி 3 அங்குலம். ஒரு மணி நேரத்தில் 28 விநாடி எத்தனை பங்கோ, ஒரு கடல் மைலில் அந்த இடைவெளியும் அத்தனை பங்கு. அதனால் எண்ணிய முடிச்சுகளே மணிக்கு எத்தனை கடல் மைல் என்ற விடையாகிவிடும். கப்பலுக்கும் விமானத்துக்கும் இன்றும் வேகத்தை ‘நாட்’ கணக்கில் சொல்வது இந்த முடிச்சினால்தான்.

எண்ணினால் போதாது, எழுதியும் வைக்க வேண்டும். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்திலிருந்து எந்தத் திசையில், என்ன வேகத்தில், எவ்வளவு நேரம் வந்தோம் என்ற கணக்கை வைத்துத்தான் இப்போது எங்கே இருக்கிறோம் என்று மாலுமிகள் கண்டார்கள். ஒரு பதிவு தவறினால் கப்பல் பாறையில் மோதக்கூடும். ஆகவே வேகம், திசை, காற்று எல்லாவற்றையும் முதலில் பலகையில் சுண்ணக்கட்டியால் குறித்து, பிறகு நோட்டில் படியெடுத்தார்கள். கட்டை தந்த கணக்கை எழுதிய நோட்டு ‘லாக் புக்’ ஆயிற்று. நாளடைவில் நோட்டில் பதிவதே ‘லாக்’ என்ற வினையும் ஆயிற்று. மரம் கழன்றுபோய், பதிவு நின்றது.

அந்த நோட்டு கரையேறி நம் ஊருக்கும் வந்தது. அரசு ஜீப்பில் ஓட்டுநர் எழுதுவது லாக் புக். துணை மின் நிலையத்தில் மணிக்கு மணி அளவு குறிப்பதும் லாக் புக்.

கணினிக்குள் இந்தச் சொல் நுழைந்தது 1960-களின் தொடக்கத்தில். அன்று கணினி அறையளவு பெரியது, விலையோ மலையளவு. ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை 1961-இல் இயக்கிக் காட்டியது. பயன்படுத்துபவர் முதலில் தர வேண்டிய கட்டளை ‘லாகின்’. முடித்ததும் ‘லாக் அவுட்’. யார் வந்தார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்ற கணக்கு அங்கே முக்கியம். ஒவ்வொருவருக்கும் நேரம் அளந்துதான் ஒதுக்கப்பட்டிருந்தது. அது போதாத ஆராய்ச்சி மாணவர் ஒருவர், 1962-இல் எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்செடுத்து, பிறர் பெயரில் நேரத்தைப் பயன்படுத்தினார். ஆக, லாகின் என்பது பிறக்கும்போதே ‘என் வருகையைப் பதிந்துகொள்’ என்ற பொருளோடு பிறந்த சொல். உணவு கொண்டுவரும் இளைஞர் ‘லாகின் நேரம்’ என்று சொல்லும்போதும், கால் சென்டரில் ‘லாகின் ஹவர்ஸ்’ கேட்கும்போதும் அந்தப் பழைய பொருள்தான் பேசுகிறது. அங்கே பதிவான நேரத்துக்கும் வருமானத்தில் பங்கு உண்டு.

ஆங்கிலத்தில் இது ‘லாக்’, ‘இன்’ என்ற இரண்டு துண்டுகள் சேர்ந்த வினை. இறந்த காலத்தில் முதல் துண்டு மட்டும் மாறி ‘லாக்டு இன்’ ஆகும். தமிழ் அதை அப்படியே ஒரு பெயர்ச்சொல்லாக்கி, பக்கத்தில் தன் வினையை வைத்துக்கொண்டது: ‘லாகின் பண்ணினேன், ஆனா ஆகலை.’ முயற்சி என்னுடையது என்பதற்குப் ‘பண்ணு’. பலன் இயந்திரத்தின் கையில் என்பதற்கு ‘ஆகு’. இந்த நுட்பம் கடனாக வந்ததல்ல, நம் மொழியின் சொந்தச் சரக்கு.

தமிழ் ஆக்கங்களில் ‘உள்நுழை’ பரவலானது, எளிமையானது. ஆனால் அது ‘இன்’ என்பதை மட்டும் ஏந்திக்கொண்டு ‘லாக்’கை விட்டுவிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியா ஆளும் ‘புகுபதிகை’யில் புகுதலும் இருக்கிறது, பதிதலும் இருக்கிறது, வெளியேறுவதற்கு ‘விடுபதிகை’. கட்டை முதல் கணினி வரையிலான வரலாற்றை இந்தச் சொல் முழுமையாகச் சுமக்கிறது. நாவுக்குப் பழக நாளாகலாம்; பழகத் தகுந்த சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வங்கித் தளத்தில் நுழைந்ததும் ‘கடைசியாக லாகின் செய்தது’ என்று ஒரு தேதியும் நேரமும் பல இடங்களில் தெரியும். நாம் அதைப் படிப்பதே இல்லை. அந்த நேரம் உங்களுடையதாக இல்லையென்றால், உங்கள் பெயரில் வேறொருவர் வந்து போயிருக்கிறார் என்று பொருள். மாலுமி தன் நோட்டைப் படிக்காமல் அடுத்த திசையை முடிவு செய்ததில்லை. நமக்காக எழுதப்படும் இந்த ஒற்றை வரியையும் ஒவ்வொரு முறையும் படித்துவிட்டே மேலே செல்வோம்.