மறைந்திருக்கும் நீரும் அண்டை வீட்டாரின் உரிமையும்

மழை பெய்து ஓய்கிறது. சில நாட்களில் மண் உலர்ந்துவிடுகிறது. அந்த நீர் எங்கே சென்றது? கோடையிலும் வற்றாத ஊற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? மனித இனம் நெடுங்காலம் விடை தேடிய கேள்விகள் இவை.

வானிலிருந்து அளவோடு இறக்கப்படும் நீர் பூமியில் தங்கவைக்கப்படுவதையும், அதைப் போக்கிவிடவும் அல்லாஹ் ஆற்றல் உடையவன் என்பதையும் அல்முஃமினூன் அத்தியாயத்தின் 18ஆம் வசனம் நினைவூட்டுகிறது. அந்நீர் நிலத்தினுள் ஊற்றுகளாக ஓடச்செய்யப்படுவதை அஸ்ஸுமர் அத்தியாயத்தின் 21ஆம் வசனம் கூறுகிறது. இவற்றை ஓதி வளர்ந்த சமுதாயத்தில் நிலத்தடி நீரைப் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது நன்று.

பூமிக்குள் இருக்கும் குளிர்ச்சியால் காற்றே நீராக மாறுகிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். கடல்நீர் நிலத்தடி வழிகளில் மலைகளுக்கு ஏறுகிறது என்ற எண்ணம் ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலும் நிலவியது. 1674இல் பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் சேன் நதியின் தலைப்பகுதியில் பெய்யும் மழையையும் ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டார். மழை ஆற்று நீரைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்பது தெரிந்தது. ஆற்றை நிரப்ப மழையே போதும் என்பது அப்போது கணக்கால் உறுதியாயிற்று.

அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் முன்னர், பக்தாதில் இயற்கணித அறிஞராகப் புகழ்பெற்ற அபூபக்ர் முஹம்மத் அல்கரஜீ, பாரசீகம் திரும்பி ஏறத்தாழ 1017இல் ஒரு நூல் எழுதினார். மறைந்திருக்கும் நீரை வெளிக்கொணர்தல் என்பது அதன் பெயரின் பொருள். ஊற்றுகளுக்கும் ஆறுகளுக்கும் மழையும் பனியுமே முதன்மையான மூலம் என்று அவர் விளக்கினார். பழங்காலக் கருத்துகள் சிலவும் அந்நூலில் கலந்துள்ளன. எனினும் நீரைத் தேடுவது, தோண்டுவது, வாட்டம் பார்ப்பது எனச் செயலுக்கு உதவும் அறிவே அதன் உயிர்.

அவர் விவரித்த கனாத் என்பது நிலத்தடிக் கால்வாய். மலையடிவாரத்தில் நீர் தட்டுப்படும்வரை தாய்க்கிணறு தோண்டுவர். அங்கிருந்து ஊர்வரை மெல்லிய வாட்டத்தில் சுரங்கம் செல்லும். வாட்டம் மிகுந்தால் நீர் மண்ணை அரிக்கும். குறைந்தால் வண்டல் படியும். மண்ணை வெளியேற்றவும் காற்றோட்டத்திற்கும் இடையிடையே செங்குத்துக் கிணறுகள் இருக்கும். இறைக்கும் கருவி எதுவுமின்றி நீர் தானே ஓடிவரும். ஈரானின் குனாபாத் கனாத்தின் தாய்க்கிணறு 300 மீட்டருக்கும் அதிக ஆழமுடையது. அது உட்பட 11 பாரசீகக் கனாத்துகள் 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

நீர் இருந்த இடத்தில் வழக்கும் இருந்தது. ஒருவர் புதிதாகத் தோண்ட, மற்றவருடைய கனாத் வற்றும். 9ஆம் நூற்றாண்டில் குராசானை ஆண்ட அப்துல்லாஹ் இப்னு தாஹிரிடம் இத்தகைய வழக்குகள் ஓயாது வந்தன. அன்றைய ஃபிக்ஹ் நூல்களில் இதற்குப் போதிய தீர்வு இல்லை. ஆகவே அவர் குராசான், இராக் நாடுகளின் ஃபிக்ஹ் அறிஞர்களைக் கூட்டிக் கனாத்துகளுக்கென்றே ஒரு சட்ட நூல் எழுதச் செய்தார் என வரலாற்றாசிரியர் கர்தீஸீ பதிவுசெய்கிறார்.

ஒரு கிணற்றைச் சுற்றிப் பிறர் தோண்டக்கூடாத எல்லை ஹரீம் எனப்பட்டது. அல்கரஜீயும் இதைத் தம் நூலில் ஆராய்ந்தார். மண்ணுக்கடியில் நீருக்கு வேலி இல்லை. நாம் இழுக்கும் நீர் அண்டை வீட்டாரின் கிணற்றிலும் குறையும். இயற்கையைப் பற்றிய இந்த அறிவே அங்கே அயலாரின் ஹக்காகவும் சட்டமாகவும் மாறியது.

இன்று பணம் உள்ளவர் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்குகிறார்; பக்கத்து வீட்டுக் கிணறு வறண்டுபோகிறது. நம் நிலத்தில்தானே தோண்டினோம் என்று நாம் அமைதியடைகிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கைகள் நிறைய அள்ளும் அளவில், உளூச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்கிறோம்.

அந்த நீர் மேகமாகவும் மழையாகவும் மண்ணின் ஈரமாகவும் பயணம் செய்து நம்மிடம் வந்தது. நம்மைக் கடந்து பிறரிடம் செல்ல வேண்டியது. நாம் அதன் உரிமையாளர்கள் அல்லர், அமானிதமாகப் பெற்றவர்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொற்களால் மட்டுமின்றி, உளூச் செய்யும் இடத்திலும் கற்றுக்கொடுப்போமாக!