வாயிலைத் திறந்த விரல்

நம் இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தத்தை முன்னே செல்லவிட்டுப் பின்னே திரும்பாமல் தடுப்பதே இவற்றின் தொழில். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இவை திறந்து மூடுகின்றன. இவற்றுள் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள ஈரிதழ் வால்வின் வரலாற்றையே இங்கு நாம் காணப் போகிறோம். தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து சிறுவர்க்கு வரும் ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் தாக்குவது அதனைத்தான்.

காய்ச்சல் தணியும், மூட்டு வீக்கமும் வற்றும். வால்வின் இதழ்களோ ஆண்டுக்கணக்கில் தடித்து, ஓரங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அகன்ற வாயில் சிறு பிளவாகச் சுருங்கிவிடும். மடை அடைபட்டால் வாய்க்கால் நெடுக நீர் தேங்குவதைப்போல, மேலறையில் தேங்கும் இரத்தம் நுரையீரல்வரை நெருக்கும். படியேறினால் இரைப்பு, படுத்தால் திணறல், இருமலில் இரத்தம் என நோய் முற்றும்.

1902-ல் லாடர் பிரண்டன் என்னும் லண்டன் மருத்துவர், இறுகிய வால்வைக் கத்தியால் விடுவிக்கலாமே என்று எழுதினார். கண்டனமே மிஞ்சியது. 1923-ல் பாஸ்டனில் எலியட் கட்லர் ஒரு சிறுமிக்கு அதைச் செய்து காட்டினார். அவள் பிழைத்தாள். பின்னர் அவர் இதழின் ஒரு துண்டையே வெட்டியெடுக்கும் கருவியைக் கையாண்டார். அடைப்பு நீங்கியது உண்மை. ஆனால் மூடவேண்டிய கதவு மூடாமல் இரத்தம் பின்னோக்கிப் பாய்ந்தது. நோயாளிகள் மாண்டனர்.

1925 மே மாதம், லண்டனில் ஹென்றி சௌட்டர் ஓர் இளம்பெண்ணின் இருதய மேலறையில் காதுமடல்போல் நீண்டிருக்கும் பகுதியைத் திறந்து, தம் சுட்டுவிரலை உள்ளே செலுத்தினார். துடிக்கும் இருதயத்தினுள்ளே விரல்! வால்வு ஏற்கெனவே கசிவதை விரலே உணர்த்தியது. ஆகவே அவர் அறுக்கவில்லை; விரலால் விரித்ததோடு நிறுத்திக்கொண்டார். அப்பெண் நலமுற்று வீடு திரும்பினாள். ஆயினும் அதன்பின் ஒரு நோயாளியைக்கூட அவரிடம் எவரும் அனுப்பவில்லை. நோய் இருதயத் தசையில் உள்ளதேயன்றி வால்வில் அன்று என்பது அந்நாளைய பெரிய வைத்தியர்களின் கொள்கை. பிழைத்தெழுந்த ஒரு பெண் அக்கொள்கையை அசைக்கப் போதவில்லை போலும்!

இருபத்து மூன்று ஆண்டுகள் வீணே கழிந்தன. நான்கு நோயாளிகளை அடுத்தடுத்து இழந்திருந்த சார்லஸ் பெய்லி, 1948 ஜூன் 10 அன்று பிலடெல்பியாவில் ஐந்தாமவரைப் பிழைக்கவைத்தார். இதழை வெட்டாமல், ஒட்டிய ஓரங்களை மட்டும் பிரித்ததே அவர் கண்ட வழி. ஆறாம் நாள் பாஸ்டனில் ட்வைட் ஹார்க்கனும், செப்டம்பரில் லண்டனில் ரஸ்ஸல் பிராக்கும் வெற்றி கண்டனர்.

இருதயத்தை நிறுத்தவோ, அதன் வேலையை ஏற்கும் இயந்திரத்தைப் பூட்டவோ வேண்டாத இம்முறை நம் நாட்டு ஏழைகளுக்கு ஏற்றதாயிற்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் 1983-ல் வெளியிட்ட கணக்கில் இம்முறையால் சிகிச்சை பெற்றோர் 3,724 பேர். திருத்த இயலாதபடி கெட்ட வால்வுக்குச் செயற்கை வால்வு வேண்டும். அயல்நாட்டுச் சரக்கின் விலையோ எட்டாதது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் வலியத்தான் குழுவினர் மாதிரிகள் சிலவற்றைச் செய்து, பழுது கண்டு, கைவிட்டு, இறுதியில் தேறிய வால்வை 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினர்.

இன்று இறுகிய வால்வைப் பலருக்கு மார்பைத் திறவாமலே விரிக்கிறார்கள். ஜப்பானியரான கான்ஜி இனோவே 1982-ல் தொடங்கிய முறை இது. தொடையின் இரத்தக் குழாய் வழியே செல்லும் சிறு பலூன், சௌட்டரின் விரல் செய்த வேலையைச் செய்கிறது.

ருமாட்டிக் காய்ச்சல் கண்ட சிறுவர்க்கு, அது மீளாதிருக்க, மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல்லாண்டுகள் போடப்படுகிறது. உத்தியோக மாற்றத்தில் ஊர் ஊராய்ச் செல்லும் நம்மவர் வீடுகளில், பள்ளி மாற்றுச் சான்றிதழோடு அந்த ஊசிச் சீட்டையும் பத்திரமாக எடுத்துச் சென்று, புதிய ஊர் மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே காட்டுதல் வேண்டும்.