சேலத்தில் கம்பளி போர்த்த யானைகள்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துச் சிறிய தொலைக்காட்சி நிலையமொன்றில் 1988-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டே தேசம் முழுவதும் பரவிய ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ என்னும் ஹாஸ்ய நிகழ்ச்சியில், விண்வெளிக் கலமொன்றில் சிறைப்பட்ட ஒரு மனிதனும் அவனுக்குத் துணையான இயந்திரப் பொம்மைகளும் பழைய மட்டரக விஞ்ஞானப் படங்களைப் பார்த்தே தீரவேண்டும் என்பது தண்டனை. திரையின் அடியில் அவர்களுடைய தலைகள் நிழலாகத் தெரிய, படம் முடியும்வரை அவர்கள் வாய் ஓயாமல் பரிகாசம் செய்துகொண்டிருப்பார்கள். நம் ஊர் டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்காரர்கள் காசு கொடுத்தே செய்துவந்த காரியம் இது. அதைச் செய்வதற்குச் சம்பளமும் கிடைக்கும் என்பதுதான் அமெரிக்கர்கள் கண்டுபிடித்த புதுமை.

1990-இல் அந்நிகழ்ச்சியின் நையாண்டிக்கு அகப்பட்டவற்றுள் ‘லாஸ்ட் காண்டினெண்ட்’ என்ற 1951-ஆம் ஆண்டுப் படமும் ஒன்று. காணாமற்போன ராக்கெட்டைத் தேடிப் புறப்பட்ட வீரர்கள் மலையொன்றில் ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள், ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். உச்சியில் ஆதிகால ராட்சதப் பல்லிகள் வந்து சேர்வதற்குள் பொம்மைகளுக்கு அந்தப் பாறையேற்றமே தீராத கேலிப்பொருளாகிவிட்டது. இதன் கதாநாயகர் சீஸர் ரொமேரோ. தயாரித்தவர் ராபர்ட் லிப்பர்ட். கலிபோர்னியாவில் சினிமாக் கொட்டகைகள் பல நடத்தி, அவற்றுக்குத் தீனி போடுவதற்காகவே சொற்பச் செலவில் படம் எடுக்கப் புகுந்தவர். மறு ஆண்டே, அதே லிப்பர்ட்டின் விநியோகத்தில், அதே ரொமேரோ ராமா சிங் என்னும் இந்தியராக வேஷமிட்டு நடித்த படம் ‘தி ஜங்கிள்’. அதன் மறுபாதிப் பங்காளி சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்.

மாடர்ன் தியேட்டர்ஸை 1935-இல் ஏற்காடு மலையடிவாரத்தில் நிறுவிய டி. ஆர். சுந்தரம், 1907-இல் திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் கற்று வந்தவர். சினிமா என்பது கோடம்பாக்கத்துக்கே உரிய பிரம்மரகசியம் என்று பிற்காலத்தில் பலரும் நம்பிய நிலைமையில், பருத்தியும் தறியும் செழித்த இந்தச் சமவெளியில், ஓர் ஆலையை நடத்துவதுபோலவே அவர் ஸ்டூடியோவை நடத்தினார் என்பது என் அபிப்பிராயம். நடிகர்களுக்கு மாதச் சம்பளம், வேலைக்குக் கெடு, செலவுக்குக் கணக்கு என்ற நியதி அங்கே இருந்தபடியால்தான் 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ கேரளத்தில் உருவாகாமல் சேலத்தில் உருவாயிற்று. 1950-இல் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கரை வைத்து ‘மந்திரி குமாரி’யை எடுத்தவருக்கு, இரண்டாண்டு கழித்து வில்லியம் பெர்க் என்ற இன்னோர் அமெரிக்க டைரக்டரோடு கூட்டுச் சேர்வதில் தயக்கமிருக்க நியாயமில்லை.

படத்தின் கதை சுவாரஸ்யமானது. காட்டு யானைகள் காரணமின்றி வெறிகொண்டு கிராமங்களைத் துவம்சம் செய்கின்றன, வெளிநாட்டிலிருந்து திரும்பிய இளவரசியின் சகோதரன் வேட்டையில் மாண்டிருக்க, உடன் சென்ற அமெரிக்க வேட்டைக்காரன், ‘யானைகளை மிரட்டியவை உலகிலிருந்து அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மாமத் என்னும் ரோம யானைகள்’ என்று சாதிக்கிறான், ஒருவரும் நம்பவில்லை. ராட் காமெரான் வேட்டைக்காரனாகவும், மேரி விண்ட்ஸர் இளவரசியாகவும் தோன்ற, நம்முடைய எம். என். நம்பியாரும் அந்த வெள்ளைக்கார முகங்களுக்கிடையே இடம் பெற்றார். தமிழில் அதற்குக் ‘காடு’ என்று பெயர். இந்தியாவின் முதல் விஞ்ஞானக் கற்பனைப் படம் என்று அதனைச் சொல்வோர் உண்டு.

மாமத்துக்கு எங்கே போவது? உள்ளூர் யானைகளுக்கே நீண்ட ரோமப் போர்வை போர்த்தி நடத்திவிட்டார்கள். அந்தப் பாரத்தோடு நம் வெயிலில் நின்ற பிராணிகளின் பாடு பரிதாபமே. ஆயினும், கேலிக்கு முன்னே ஓர் உண்மையை நினைவு கூர வேண்டும்: ஆப்பிரிக்க யானையைக் காட்டிலும் ஆசிய யானைக்கே மாமத் நெருங்கிய தாயாதி என்பது பின்னாளைய மரபணு ஆராய்ச்சியில் தெரியவந்தது. சிக்கனத்துக்காகச் செய்த காரியம் சாஸ்திரத்துக்கும் ஒத்துப்போயிற்று! ஹாலிவுட்டுக்கும் இந்த உபாயம் புதிதன்று. 1940-இல் வந்த ‘ஒன் மில்லியன் பி.சி.’ படத்தில் இப்படியே யானைகளுக்கு ரோமம் ஒட்டினார்கள். அந்த மாமத் காட்சியை வெட்டி எடுத்து 1955-இல் ‘கிங் டைனோஸார்’ என்ற லிப்பர்ட் படத்தில் ஒட்ட, அதுவும் மேற்படி பொம்மைகளின் வாயில் விழுந்தது.

ஆக, ‘தி ஜங்கிள்’ படத்தின் பங்காளி, நடிகர், யானை வேஷம் ஆகிய மூன்றுமே வேறு படங்களின் வழியாக அந்தக் கேலி மேடையேற, சேலத்துப் படம் மட்டும் தப்பித்துக்கொண்டது. தப்பியது எனக்குச் சந்தோஷமன்று. ரொமேரோவையே பாருங்கள்: 1966-இல் ‘பேட்மேன்’ தொடரில் ஜோக்கர் வேஷமிட்டபோது, மீசையை மழிக்க மாட்டேனென்று பிடிவாதம் பிடித்து, அதன்மேலேயே வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டார், உலகம் சிரித்தது, அவரையும் மறக்கவில்லை. பரிகாசத்துக்கு உள்ளான படம் தேடிப் பார்க்கப்படுகிறது. பரிகாசத்துக்கும் தகாதென்று விடப்பட்டதோ பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது.

சுந்தரம் விஞ்ஞானக் கதையை மீண்டும் தொட்டாரில்லை. 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ மூலம் தமிழுக்கு முதல் முழு வர்ணப் படத்தைக் கொடுத்து, அந்த வெற்றியில் மாமத் விவகாரத்தைச் சேலமே மறக்கச் செய்தார். வேற்றுக் கிரகவாசிகள் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிச் செல்லும் ‘கலை அரசி’ வெளிவந்தது 1963-இல், வேறொரு கம்பெனியின் தயாரிப்பாக. சுந்தரம் காலமானதும் அதே வருஷத்தில்தான்.