சராசரி

'சராசரம்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது சரம், அசரம் இரண்டும் சேர்ந்த வடசொல். அசைவன, அசையாதன எல்லாம் என்று பொருள். சராசரிக்கும் அதற்கும் உறவில்லை. இது பாரசீக வழி வந்தது. 'சர்' என்றால் தலை. 'சராசர்' என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, முழுவதுமாக. மராத்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் வழங்குகிறது. தெலுங்கில் 'நேராக' என்ற பொருளும் உண்டு.

எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் வருவது கூட்டுச் சராசரி. பெருக்கல் சராசரி, இசைச் சராசரி என்று வேறு இரண்டும் இருக்கின்றன. அன்றாடப் பேச்சில் வருவது முதலாவதுதான். ஒரு கடையில் நால்வரின் மாதச் சம்பளம் 12,000, 14,000, 15,000, 16,000 ரூபாய், மேலாளருக்கு 1,43,000. சராசரி 40,000! அந்தத் தொகையை அங்கே ஒருவரும் வாங்கவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 15,000. இதற்கு 'இடைநிலை' என்று பெயர். சம்பளம், வீட்டு விலை போன்றவற்றுக்கு இதுவே பொருத்தம் என்பேன்.

'சராசரி மனிதன்' என்கிறோமே, அந்தக் கருத்தைப் புள்ளியியலில் நிலைநிறுத்தியவர் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே. 1835-இல் வெளியான நூலில் அவர் அந்த மனிதனை ஏறக்குறைய இலட்சிய உருவாகவே கண்டார். நம் பேச்சிலோ 'அவன் சராசரி' என்றால் பாராட்டு இல்லை.