பழைய தாய்ப்பலகைகளில் என்விஎம்ஈ வட்டிலிருந்து கணினியைத் தொடக்குதல்

என்விஎம்ஈ திண்மநிலை வட்டுகளைப் பற்றி அறியாத நிலைபொருளைக் கொண்ட பழைய கணினிகளில், இயக்குதளத்தை அவ்வகை வட்டிலேயே நிறுவி, அதிலிருந்து கணினியை இயங்கச் செய்யும் வழிமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. 2014ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த பெரும்பாலான தாய்ப்பலகைகள் இவ்வகை வட்டிலிருந்து நேரடியாகத் தொடங்குவதில்லை. எனினும் இத்தடை வன்பொருளால் ஏற்படுவதன்று. கணினி தொடங்கும் முதற் சில நொடிகளில் வட்டைப் படிக்கத் தேவையான இயக்கி மென்பொருள் இல்லாமையே இதற்குக் காரணம். பின்வரும் எல்லா வழிமுறைகளும் அவ்வியக்கியை உரிய நேரத்தில் வழங்குவது, அல்லது அது தேவைப்படாமல் செய்வது என்னும் இரண்டில் ஒன்றாக அமைகின்றன.

பின்னணி

சாட்டா வட்டுகள் ஏஎச்சிஐ என்னும் இடைமுகத்தின் வழியே கணினியுடன் பேசுகின்றன. இது சுழலும் வன்தட்டுகளை மனத்தில் கொண்டு 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இதில் ஒரு கட்டளை வரிசையும் அதில் 32 கட்டளைகளும் மட்டுமே உண்டு. திண்மநிலை வட்டுகளில் சுழலும் பாகங்கள் இல்லாததால், பல கட்டளைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்ற இயலும். இதற்கேற்ப வடிவமைக்கப்பட்ட என்விஎம்ஈ இடைமுகத்தின் முதற் பதிப்பு 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியானது. இது 65,535 வரிசைகள் வரை அனுமதிக்கிறது. என்விஎம்ஈ வட்டு சாட்டா வடத்தைப் பயன்படுத்தாமல், வரைகலை அட்டைகள் பொருத்தப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களில் நேரடியாக இணைகிறது.

பொதுப் பயனாளர்களுக்கான என்விஎம்ஈ வட்டுகள் 2015ஆம் ஆண்டில் பரவலாக விற்பனைக்கு வந்தன. இன்டெல் 750, சாம்சங் 950 புரோ ஆகியவை அவ்வாண்டில் வெளிவந்தவை. இதற்கு முன் விற்கப்பட்ட தாய்ப்பலகைகளின் நிலைபொருளில் இதற்கான இயக்கி சேர்க்கப்படவில்லை. 2014இல் வெளிவந்த இன்டெல் 9 வரிசைச் சில்லுத்தொகுதிப் பலகைகள் பலவற்றுக்கு உற்பத்தியாளர்கள் பின்னர் இற்றைப்படுத்தல் வழங்கினர். 6, 7, 8 ஆகிய வரிசைப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடைக்கவில்லை.

கணினி தொடங்கும் முறை

சிக்கலைப் புரிந்துகொள்ள, கணினி தொடங்கும் படிநிலைகளை அறிதல் வேண்டும்.

1. மின்சாரம் கிடைத்ததும், தாய்ப்பலகையில் உள்ள பளிச்சு நினைவகச் சில்லிலிருந்து நிலைபொருள் (பயோஸ் அல்லது யூஇஎஃப்ஐ) இயங்கத் தொடங்குகிறது.
2. நிலைபொருள் ஒரு வட்டைத் தேர்ந்து, அதிலுள்ள தொடக்க நிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது.
3. தொடக்க நிரல் இயக்குதளத்தின் கருனியை வட்டிலிருந்து படித்து ஏற்றுகிறது.
4. கருனி தன் சொந்த இயக்கிகளைக் கொண்டு எல்லா வட்டுகளையும் அறிகிறது.

இவற்றுள் 2, 3 ஆகிய படிநிலைகளில் வட்டைப் படிப்பது பொதுவாக நிலைபொருளே. தொடக்க நிரலும் தனக்கு வேண்டிய கோப்புகளை நிலைபொருளிடம் கேட்டே பெறுகிறது. 4ஆம் படிநிலைக்குப் பின் நிலைபொருளின் உதவி தேவையில்லை. ஆகவே, பழைய கணினியில் இயக்குதளம் இயங்கிக்கொண்டிருக்கும்போது என்விஎம்ஈ வட்டு இயல்பாகத் தெரிவதும், அதே வட்டு பயோஸ் பட்டியலில் தெரியாமலிருப்பதும் முரண்பாடு அல்ல.

வன்பொருள் தேவைகள்

எம்.2 வடிவில் உள்ள வட்டைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் பொருத்த ஒரு மாற்றி அட்டை தேவை. எளிய மாற்றி அட்டைகளில் மின்னழுத்தச் சீராக்கியும் இணைப்புக் கம்பிகளும் தவிர வேறு சில்லுகள் இருப்பதில்லை. எம்.2 வடிவில் சாட்டா வட்டுகளும் விற்கப்படுகின்றன. அவை இம்மாற்றியில் இயங்கா என்பதால் வாங்கும்போது வகையைச் சரிபார்த்தல் வேண்டும்.

வேகம் துளையைப் பொறுத்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் பதிப்பில் ஒரு தடம் நொடிக்கு 500 மெகாபைட்டும், மூன்றாம் பதிப்பில் ஏறத்தாழ 985 மெகாபைட்டும் கடத்தும். எனவே இரண்டாம் பதிப்பின் நான்கு தடங்கள் நொடிக்கு 2 கிகாபைட் வரை தரும். ஒரே தடம் கொண்ட சிறு துளையில் பொருத்தினால் கிடைக்கும் வேகம் சாட்டாவை விட மிகுதியாக இராது. எடுத்துக்காட்டாக, 2011இல் வெளிவந்த இன்டெல் எச்61 சில்லுத்தொகுதியில் நொடிக்கு 3 கிகாபிட் வேகமுள்ள சாட்டா இணைப்புகள் மட்டுமே உள்ளன. செயலியில் உள்ளமைந்த வரைகலையைப் பயன்படுத்துவோர், அப்பலகையின் நீண்ட துளையை வட்டுக்கு ஒதுக்கிக் கூடுதல் வேகம் பெறலாம்.

வழிமுறைகள்

தொடக்கப் பகுதியைத் தனியே வைத்தல்

இதுவே பாதுகாப்பான முறை. லினக்சில் கருனியும் அதன் துணைக்கோப்புகளும் உள்ள பூட் பகுதியை, நிலைபொருளுக்குத் தெரியும் சாட்டா வட்டிலோ யூஎஸ்பி நினைவகத்திலோ வைத்து, மற்ற அனைத்தையும் என்விஎம்ஈ வட்டில் நிறுவலாம். 2012இல் வெளியான 3.3ஆம் பதிப்பு முதல் லினக்சு கருனியில் என்விஎம்ஈ இயக்கி உள்ளது. கருனி நினைவகத்தில் ஏறியவுடன் அவ்வியக்கியைக் கொண்டு வட்டைத் திறந்துகொள்ளும். தொடக்கப் பகுதி உள்ள யூஎஸ்பி நினைவகம் எப்போதும் கணினியில் இருத்தல் வேண்டும். கருனியை இற்றைப்படுத்தும்போது அது இணைக்கப்படாவிட்டால், புதிய கருனி அதில் பதியாது.

விண்டோசுக்கு இம்முறை மட்டும் போதாது. அதன் தொடக்க மேலாளரைச் சாட்டா வட்டில் வைத்தாலும், அடுத்து ஏற்றப்படும் கோப்புகள் விண்டோசு நிறுவப்பட்ட வட்டிலேயே உள்ளன. அவற்றையும் நிலைபொருள் வழியாகவே படிக்க வேண்டியிருப்பதால் தொடக்கம் அங்கேயே நின்றுவிடும்.

இடைநிலைத் தொடக்க நிரல்

குளோவர் என்னும் திறமூலத் தொடக்க நிரல், ஆப்பிள் அல்லாத கணினிகளில் மேக் இயக்குதளத்தை நிறுவுவதற்காக உருவாக்கப்பட்டது. இது யூஎஸ்பி நினைவகத்திலிருந்து இயங்கி, தன்னுடன் வைக்கப்பட்ட என்விஎம்ஈ இயக்கியை முதலில் ஏற்றி, பின்னர் விண்டோசையோ லினக்சையோ தொடக்கும். யூஇஎஃப்ஐ இல்லாத பழைய பயோஸ் பலகைகளிலும், யூஇஎஃப்ஐ சூழலொன்றை நினைவகத்தில் தானே உருவாக்கிக்கொண்டு இது செயற்படும். நிலைபொருளில் எதையும் மாற்றாததால் பலகைக்குத் தீங்கு நேராது. விண்டோசு 8.1 முதலான பதிப்புகளில் என்விஎம்ஈ இயக்கி உள்ளமைந்துள்ளது. விண்டோசு 7க்குத் தனி இற்றைப்படுத்தல் தேவை.

நிலைபொருளில் இயக்கியைச் சேர்த்தல்

யூஇஎஃப்ஐ நிலைபொருள் பல சிறு கூறுகளால் ஆனது. உற்பத்தியாளர் வெளியிட்ட கோப்பை யூஇஎஃப்ஐடூல் போன்ற கருவியால் திறந்து, என்விஎம்ஈ இயக்கிக் கூறு ஒன்றை அதில் சேர்த்து, மீண்டும் சில்லில் எழுதலாம். பின்னர் யூஎஸ்பி நினைவகம் எதுவுமின்றி வட்டு நேரடியாகத் தொடங்கும். சில பலகைகளின் பட்டியலில் இவ்வட்டு பாட்டா என்னும் பழைய வகைப் பெயரில் காட்டப்படும். இது பிழையன்று. வட்டு ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டிருத்தலும், யூஇஎஃப்ஐ முறையில் தொடங்குமாறு அமைக்கப்பட்டிருத்தலும் வேண்டும்.

இம்முறையில் இடர்கள் மிகுதி. பழைய பலகைகளின் சில்லுகள் 4 அல்லது 8 மெகாபைட் கொள்ளளவே கொண்டிருப்பதால், கூறு சேர்க்க இடம் போதாமற் போகலாம். பல உற்பத்தியாளர்கள் மாற்றப்பட்ட கோப்பை ஏற்காதவாறு கையொப்பச் சரிபார்ப்பு வைத்துள்ளனர். எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டாலோ கோப்பு பழுதாகியிருந்தாலோ கணினி மீண்டும் தொடங்காது. அந்நிலையில் சிஎச்341ஏ போன்ற வெளி எழுதியைச் சில்லுடன் இணைத்து மீட்க வேண்டும். ஆகையால் மாற்றத்துக்கு முன் சில்லின் முழு உள்ளடக்கத்தையும் நகலெடுத்து வைத்தல் இன்றியமையாதது. சில பலகைகளில் வலையட்டையின் தனி முகவரியும் அதே சில்லில் உள்ளது. இணையத்தில் பதிவிறக்கிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு முழுச் சில்லையும் எழுதினால் அம்முகவரி அழிந்துவிடும்.

வட்டில் உள்ளமைந்த நிரல்

சாம்சங் 950 புரோ வட்டில், பழைய பயோசுக்குத் தன்னை அறிமுகப்படுத்தும் விருப்ப நிரல் வட்டிலேயே பொதிக்கப்பட்டிருந்தது. எனவே பல பழைய பலகைகளில் அது மாற்றமின்றித் தொடங்கியது. பின்வந்த பெரும்பாலான வட்டுகளில் இவ்வசதி இல்லை.

பயனும் எல்லையும்

சுழலும் வன்தட்டிலிருந்து திண்மநிலை வட்டுக்கு மாறுவதே பழைய கணினியில் பெரும் வேறுபாட்டைத் தரும். சாட்டா திண்மநிலை வட்டிலிருந்து என்விஎம்ஈக்கு மாறும்போது, பெரிய கோப்புகளைப் படியெடுத்தல் போன்ற பணிகளில் வேகம் தெளிவாகத் தெரியும். இணைய உலாவல், ஆவணம் தட்டச்சு செய்தல் போன்றவற்றில் வேறுபாடு சிறிதே.

மடிக்கணினிகளுக்கு இம்முறைகள் பெரும்பாலும் பொருந்தா. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. ராதாபுரம் போன்ற சிற்றூர்கள் முதல் சென்னை வரை, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் சென்றடைந்தன. அத்தலைமுறைக் கணினிகளில் என்விஎம்ஈ வட்டுக்கான துளை இல்லை. அவற்றில் வன்தட்டை நீக்கி 2.5 அங்குல சாட்டா திண்மநிலை வட்டைப் பொருத்துவதே ஏற்ற வழி.

விண்டோசு 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. இன்டெல் செயலிகளுள் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோசு 11க்குத் தகுதி பெறுவதில்லை. இக்கட்டுரையில் கூறப்பட்ட பலகைகள் யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. லினக்சுக்கு இத்தகைய வரம்பு இல்லை. லினக்சுக்கு மாறும் கணினிகளில், தொடக்கப் பகுதியைத் தனியே வைக்கும் முதல் வழிமுறையே செலவும் இடரும் குறைந்ததாகும்.